அரைப் பக்கம்

நாற்பதாம் ஆண்டு நாட்காட்டியின் பின்னட்டைக்குக்
கம்பெனி வரலாறு வேண்டும் என்றாள் கௌரம்மா.
"அரைப் பக்கம் போதும் ஷாஹிதாக்கா. படம் பெருசா வரணும்."
படம், நாங்கள் கட்டிய ஊத்தங்கரை மண்டபம்,
வானத்திலிருந்து எடுத்தது.

எழுதத் தொடங்கினேன்.

எண்பத்து நாலில் ஓசூரில் ஏலத்துக்கு வந்த
பழைய கலவை மிஷினை
லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தார் திம்மராயன்.
சூளகிரி மேட்டில் ஒரு சக்கரம் கழன்று உருண்டு
சோளக்காட்டுக்குள் போய்விட்டது.
மூன்று சக்கரத்தில்தான்
கம்பெனி கிருஷ்ணகிரிக்குள் நுழைந்தது.

அவர் படித்ததும் மூன்றாம் வகுப்பு,
ஒப்பந்ததாரராகப் பதிந்ததும் மூன்றாம் வகுப்பு.
பலகை எழுதிய பெயின்டர் கேட்காமலே
'அண்டு சன்ஸ்' சேர்த்துவிட்டான்,
எல்லாக் கம்பெனிக்கும் அப்படித்தானாம்.
மறுவருஷம் பிறந்தது ஒரே ஒரு பெண்.
பலகையை யாரும் அழிக்கவில்லை.
டெண்டர் திறக்கும் அறையில் இன்றைக்கும் எவனாவது கேட்பான்,
"சன்ஸ் வரலையா?"
"நான்தான் சன்ஸ்" என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள் கௌரம்மா.
இதைப் போடலாம். சிரிப்பார்கள்.

எண்பத்தேழில் நான் சேர்ந்தேன்.
பழையபேட்டை, தட்டச்சு லோயர் பாஸ், கையெழுத்து முத்து முத்தாக.
மஸ்டர் ரோல், மூட்டைக் கணக்கு, வவுச்சர்.
சனிக்கிழமை சாயங்காலம் சித்தாள்கள் வரிசையில் வந்து
கைநாட்டு வைத்து
மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போவார்கள்.
ரேஷன் கடை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர்,
இரண்டு தண்ணீர்த் தொட்டி.
இதெல்லாம் ஒரு வரியில் அடங்கும்.

தொண்ணூற்றொன்று.
மத்தூர்ப் பக்கம் ஓடைப் பாலம்.
இறங்கியது முந்நூற்று எழுபது மூட்டை.
"நானூத்திப் பன்னெண்டுன்னு எழுதும்மா" என்றார் திம்மராயன்,
என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து.
நான் ஏன் என்று கேட்கவில்லை.
பேனாவில் மை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.
மிச்சம் நாற்பத்திரண்டு
பொறியாளர் வீட்டு மாடிக்குப் போனதாக
மேஸ்திரி பசுவப்பன் பிறகு சொன்னான்.
அந்த மாடியில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

திறப்பு விழாவுக்கு நாலு நாள்.
ரிப்பன் வாங்கியாயிற்று, கத்தரிக்கோல் உட்பட.
ராத்திரி ஓடை வந்தது.
விடிந்து பார்த்தால் நடுத்தூண்
உழுது களைத்த மாடு மாதிரி உட்கார்ந்திருந்தது.
சாவு இல்லை.
இருட்டில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்த
பால்காரர் சின்னபையனுக்கு இடுப்பு.
அதற்கப்புறம் அவர் நேராக நடந்து யாரும் பார்க்கவில்லை.
'இதர செலவு, ரூ. 6,000' என்று எழுதினேன்.
அதுவும் முத்து முத்தாக.

திம்மராயன் ஆபீசுக்கு வந்து நோட்டைக் கேட்டார்.
என் பக்கத்தைத் திருப்பி
நானூற்றுப் பன்னிரண்டின் மேல் விரலை ஓட்டினார்.
"நல்ல கையெழுத்து" என்றார்.
திட்டியிருக்கலாம்.

சந்தூரில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு,
காயோடு விற்றார்.
அதே ஓடையில் சொந்தக் காசில் மறுபடி தூண் எழுந்தது.
ஒவ்வொரு மூட்டை பிரிக்கும்போதும்
துண்டில் ஒரு கல் முடிந்தபடி வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார்.
சாயங்காலம் துண்டை என் மேஜைமேல் கொட்டுவார்.
எண்ணி எழுதுவேன்.
நானூற்று எண்பத்தொன்பது கல்.
மேஜைக் கண்ணாடியில் அந்தக் கீறல்கள் அப்படியே கிடக்கின்றன.

இப்போது மத்தூர் பஸ் அதன்மேல் போகும்போது
பக்கத்து சீட்காரி பூ கட்டிக்கொண்டே வருகிறாள்,
பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.
எனக்கு மட்டும் கால் விரல்கள் மடங்குகின்றன.

அரைப் பக்கம் தீரப் போகிறது.
'1991: மத்தூர் ஓடைப் பாலம் கட்டப்பட்டது'
என்று எழுதினேன்.
பொய்யில்லை.
'இரண்டு முறை' என்று சேர்த்தேன். அடித்தேன்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
மறுபடி சேர்த்தேன்.

கௌரம்மா படித்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள்.
அப்போது அவளுக்கு ஆறு வயது,
தோப்பு எங்கே போனது என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.
"ஏங்க்கா ரெண்டு முறை?"

"உட்காரு" என்றேன்.
"படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லு."